எள்ளளவு பெரிதாக விழுந்த கம்மல்

ஐப்பசி 9, வியாழன்.

ஆற்றில் பிணமாக ஒதுங்கிய பெண்ணின் கம்மலைப் போன வாரம் அப்பாவின் கடையில் படம் பிடித்தோம். உள்ள அளவிலேயே வேண்டும் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் கண் மங்கல். காமிராவைத் தள்ளி வைத்து அளவு பார்த்தது நான். வெயிலில் அச்செடுத்த பிறகு கம்மலைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் எள்ளளவு படம் வெளியே தெரிந்தது. படமெடுத்த கண்ணாடித் தகட்டை வீணாக்கிவிட்டேன் என்று சொல்லப் பயந்து அப்படியே கொடுத்துவிட்டேன்.

கம்மல் இப்போது போலீஸ் கச்சேரியில் பூட்டியிருக்கிறது. பிணத்தையும் புதைத்துவிட்டார்கள். இன்று முக்கூடலிலிருந்து ஒரு அம்மாள் மகளைத் தேடி வந்தாள். போலீஸ்காரர் கடைக்கு அழைத்து வந்து படத்தைக் காட்டினார். கூட வந்த சின்ன மகளின் காதிலிருந்து கம்மலைக் கழற்றி அவள் அதன்மேல் வைத்தாள். அதே பூ. அதே எள்ளளவு வெளியே தெரிந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே அச்சுல அடிச்சது, அண்ணாச்சி. இது பெரிசால்லா இருக்கு! எம்மவ இல்ல." சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என்ன பிள்ள முழிக்கே, வாயில கொழுக்கட்டையா?" என்றார் போலீஸ்காரர் என்னைப் பார்த்து.

"அவ எப்பவும் அப்படித்தான், வே," என்றார் அப்பா.

படம்தான் பெரிது என்று தெரிந்தும் அதை எடுத்துப் போலீஸ்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் அத்தை வீட்டுக்கு மகள் போயிருப்பாள் என்று அந்த அம்மாள் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தாள். அந்தப் பாதையோரம்தான் பிணத்தைப் புதைத்திருக்கிறார்கள். இந்நேரம் அந்த இடத்தைத் தாண்டியிருப்பாள்.