சோகேசுக்குள்ளை எறும்பு

இஞ்சாருங்கோ,

நான் நெல்லியடிக்கு அக்காவைப் பாக்கப் போறன். புட்டும் மீன்குழம்பும் மூடி வைச்சிருக்கு. நாலு மணிக்குக் கோயில் பாதர் வருவார். தம்பி கனடாவிலை இருந்து அனுப்பி, சோகேசிலை அடுக்கி வைச்சிருக்கிற கப்புகளிலை ஒண்டிலை தேத்தண்ணி குடுங்கோ.

அந்தக் கப்புகளைப் பற்றித்தான் சொல்லவேணும். "ஆக்கள் வந்தால்தான் தொடவேணும்" எண்டது உங்கடை சட்டம். நேற்று சோகேசுக்குள்ளை எறும்பைக் கண்டு நீங்கள் சத்தம் போட, நான் மெல்ல அடுப்படிக்குப் போயிட்டன். ஏனெண்டால், நீங்கள் கடலுக்குப் போனாப்பிறகு நான் ஒவ்வொரு நாளும் முன்வரிசைக் கப்பிலைதான் குடிக்கிறனான். குடிச்சிட்டுத் துடைச்சு வைக்கேக்கை ஒரு கள்ளச் சந்தோசம்.

ஆனால் இப்ப எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் சீனி போடுறேல்லை. அப்ப எறும்பு ஏன் வந்தது? பின்வரிசைக் கப்பை எடுத்துப் பாத்தன். அடியிலை சீனி காய்ஞ்சு கிடக்கு. நான் பூசைக்குப் போற நேரத்திலை நீங்களும் குடிக்கிறனீங்களோ? கிளினிக்கிலை "சீனியே தொடுறேல்லை" எண்டு டொக்டருக்குச் சொன்னது ஆர்? கோவிக்கிறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை.

றொசாந்தி

கதவுத் திறப்பு வழமையான இடத்திலை.

ரண்டு கப்பையும் கழுவி வைச்சிருக்கிறன். நாளைக்குக் காலமை சேந்திருந்து அதிலை குடிப்பம். உங்களுக்குச் சீனி அரைக் கரண்டிதான். நாங்களும் ஆக்கள்தானே.