மூக்கைத்தானே அறுத்தாங்க!

மாமா,

மூக்கைக் காட்ட மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறு பானையில இருக்கு. நேத்து வெச்ச கருவாட்டுக் குழம்பு ஊசிப்போச்சு, இப்ப என் மூக்குக்கே தெரியுது. உங்களுக்கு அதுதான்.

மூக்குல வளர்ந்த சதையைத்தானே அறுத்தாங்க, செவிடி செவிடிதான்னு நெனச்சிட்டீங்க. மூக்குலேருந்து காதுக்கு உள்ளுக்குள்ள ஒரு வழி இருக்காம். சதை அதை அடைச்சிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. மூக்குல திணிச்ச துணியை எடுத்த நாலாம் நாள், எச்சில் முழுங்கையில காது ‘டப்’புன்னு விட்டுச்சு. பத்து நாளா எல்லாம் கேக்குது. நீங்களும் உங்க அக்காவும் என் பக்கத்துலயே உக்காந்து, என்னை அப்பன் வீட்டுக்குத் தொரத்திட்டு அவங்க மகளைக் கட்டிக்க நாள் குறிச்சதும் கேட்டுச்சு. நான் கேக்காத மாதிரி வெங்காயம் உரிச்சேன்.

திரும்பி வரும்போது எங்கப்பன் ஊரு புலாவ் செபாங்குலேருந்து எங்க அண்ணன்மார் மூணு பேரும் கூட வர்றாங்க. அவங்க ராத்தங்க தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்ட பேர் எழுதிக் கொடுத்தாச்சு.

அஞ்சலை

உங்க அடையாளக் கார்டைத் தேடாதீங்க, என் பையில இருக்கு. இந்த அவசரகாலத்துல அது இல்லாம தோட்டத்து கேட்டுல போலீஸ் வெளிய விடமாட்டான். ஆறு மணிக்கு ஊரடங்கு வேற. உங்க அக்காவையும் இருக்கச் சொல்லி, அன்னிக்குப் பேசினதை அப்படியே எங்க அண்ணன்மார்கிட்ட பேசுங்க. கத்த வேணாம். அவங்களுக்குக் காது நல்லாவே கேக்கும்.