எதிர் ஜன்னலில் ஆஜராக அனுமதி கோருதல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர்,
ஒதுக்கீடுதாரரான ஓய்வுபெற்ற செவிலியரின் கணவர்,
தங்கள் அலுவலகத்தின் எதிர்க்கட்டடம், மூன்றாம் மாடி.

பெறுநர்:
உயர்திரு வீட்டு ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
மூன்றாம் மாடி.

பொருள்: ‘இன் பெர்சன்’ என்னும் விதிப்படி என் மனைவி ஆஜராவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் குடியிருக்கும் வீடு என் மனைவியின் பெயரில் உள்ளது. இம்மாத இறுதிக்குள் அவர் ‘இன் பெர்சன்’ ஆஜராகிப் புதுப்பிக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று அறிவிப்பு வந்துள்ளது. பக்கவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலற்றுப் போயிற்று. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து இறக்கிப் பார்த்தோம்; படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே நாற்காலி சிக்கிக்கொண்டது, அவருக்கு மூச்சு வாங்கியது. இனி முயலக் கூடாது என்ற மருத்துவரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

2. அக்கடிதத்தோடு நான் வந்தபோது எழுத்தர், “பெரியவரே, கடுதாசி வந்தா பத்தாது, ஆள் வரணும்” என்றார். அவர்மீது குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ ஒரு கம்பெனியின் கடிதத்தை நீட்டியதும், “கம்பெனி ஆஜர்” என்று அதே எழுத்தர் குறித்துக்கொண்டார். நான் தவறாகக் கேட்டிருந்தால் பொறுத்தருளவும்.

3. ஐயம் தீர நூலகத்தில் சட்ட அகராதியைப் பார்த்தேன். ‘பெர்சன்’, அதாவது ‘நபர்’, என்ற சொல்லை ஆயிரம் முறையாவது அச்சுப்பிழை பார்த்திருப்பேன். அதற்குள் இவ்வளவு இடம் இருப்பது தெரியாது. சட்டத்தின் பார்வையில் கம்பெனி ஒரு பெர்சனாம். சங்கமும் அப்படியே. ஒரு நாட்டில் ஒரு நதியையே சட்டம் பெர்சனாக ஏற்றிருக்கிறது; அதன் சார்பில் பேச ஆட்களும் உண்டு. காலும் மூச்சும் இல்லாதவற்றுக்கும் வாசல் திறந்து வைத்த அந்த மனசை நினைத்து, புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டேன்.

4. ஆயினும் ‘இன் பெர்சன்’ என்றால் உடலோடு நேரில் இருத்தல் என்று அடுத்த பக்கத்தில் கண்டேன். என் வாதம் செல்லுமா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். “நதிக்கே ஆள் உண்டுன்னா, எனக்கு நீங்க இருக்கீங்களே! இல்ல, உடம்பைத்தான் பாக்கணுமா? அந்த எதிர் ஜன்னல் திரையைத் தூக்கச் சொல்லுங்க. நான் தினமும் ஆஜர்தான்” என்றார் என் மனைவி. நூலகத்தில் எழுந்து நின்றவன், வீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

5. தங்கள் மேசைக்குப் பின்னால் தொங்கும் பச்சைத் திரைக்கு நேர் எதிரே எங்கள் ஜன்னல். நடுவில் தெரு மட்டுமே. ஆகவே, அவர் சார்பில் என்னை ஏற்க வேண்டும். விதி இடம் தராவிட்டால், ஏதேனும் ஒரு வேலைநாள் காலையில் அத்திரையை விலக்கித் தாங்களே அவரைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் வலக்கையை உயர்த்துவார். மெதுவாகத்தான் உயரும். அதுவரை திரையை விட்டுவிடாமல் இருக்க வேண்டுகிறேன்.

இடம்: மேற்படி ஜன்னலோரம்
நாள்: இம்மாதம் இருபத்தொன்றாம் தேதி

தங்கள் திரையை எதிர்நோக்கும்,
செவிலியரின் கணவர்
(கையொப்பம்)