தனியாக அடிக்க வேண்டிய கூடாரம்

நெலிதா,

இந்த வசந்தத்தில் ஏரிக்கரைக்குத் தனியாகத்தான் போவேன், பிரிவதைப் பற்றித் திரும்பி வந்ததும் பேசலாம் என்றாய். சரி. பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். குளிர்காலம் முழுக்கக் கூடாரத்துக்குள் ஓர் எலிக்குடும்பம் இருந்திருக்கிறது, நம்மைவிட ஒற்றுமையாக. அது கடித்த ஓட்டையைத் தைத்திருக்கிறேன். தையல் கோணல், ஆனால் ஒழுகாது.

நம் படுக்கைப் பைகள் போன வருடம் ஜிப் போட்டு ஒன்றாகச் சேர்த்தபடியே கிடந்தன. ஜிப் இறுகிவிட்டது. மெழுகுவத்தி தேய்த்துத்தான் பிரித்தேன். உன்னுடையது கொடியில் காய்கிறது.

வசந்தம் வந்துவிட்டதென்று இந்த அக்டோபர் காற்றை நம்பாதே, கூடார முளைகள் கூடுதலாக வைத்திருக்கிறேன். அடுப்பில் பயறும் பூசணியும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ. சாவி பக்கத்து வீட்டு இலாரியோவிடம். நான் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நீ கிளம்பும்போது இருந்தால் எதையாவது உளறுவேன்.

ருஃபினோ

நீ தேநீர்போல் ஊறவைத்துக் குடிக்கும் மேட்டே இலை உன் பையில் இருக்கிறது. புதுப் பொட்டலம்.

இன்னொன்று. கூடாரம் எப்போதும் நாம் இருவர் சேர்ந்து அடிப்பதாயிற்றே என்று, காலையில் முற்றத்தில் தனியாக அடித்துப் பார்த்தேன். இலாரியோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னப்பா, பொண்டாட்டி வெளிய தள்ளிட்டாளா?" என்றான். "இன்னும் இல்ல, ஒத்திகை பாக்குறேன்" என்றேன்.

ஒரே ஆளால் முடிகிறது, நெலிதா. முடியக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன்.