மாப்பிள்ளை கொடுத்துவிட்டுப் போன பூசணம்

பாசமுள்ள படுபாவி சேகருக்கு,

மேலே சௌக்கியமாகத்தான் இருப்பாய். எங்கே போனாலும் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கிறவனாயிற்றே நீ. இங்கே நான் நன்றாக இல்லை. என் கேமராக்களும் நன்றாக இல்லை. நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இந்த ஒரு வருஷத்தில் உன்னை நினைத்து அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். செத்தவனைத் திட்டக் கூடாது என்று சொல்கிறவனுக்கு உன்னைப்போல ஒரு தங்கச்சி புருஷன் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு டிசைன் அட்டை அடித்துக் கொடுத்தவன். நான் காந்தி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஒரே பெஞ்சில் படித்தோம். அப்புறம் என் தங்கச்சி வசந்தாவைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளை ஆனாய். நாலு பேர் இருக்கும் இடத்தில் “வாங்க மாப்ள” என்பேன். கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் “குந்துடா” என்பேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ஃபிலிம் போடுகிற பழைய ஜப்பான் கேமரா, அதிலும் கைக்கு அடக்கமான ரேஞ்ச்ஃபைண்டர். கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம் தெரியும். அதற்குள் எதிரில் நிற்கிற ஆள் இரண்டாகத் தெரிவான். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பேரும் ஒருவனாவார்கள். அப்போது அமுக்கினால் படம் சுத்தமாக விழும். இதற்காக மூடிப்போன ஸ்டுடியோ, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் வீட்டுப் பரண், வேலூர், ஆற்காடு என்று எத்தனை ஊர் சுற்றினோம்! “கல்யாணம் உங்க ரெண்டு பேருக்கும்தான் ஆயிருக்கணும்” என்று வசந்தாவே சொல்லியிருக்கிறாள்.

வாங்கினால் போதுமா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஃபிலிம் போடாமல் எல்லா வேகத்திலும் வெறும் ஷட்டரை அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். பழைய பாதரச பாட்டரி இப்போது கிடைக்காது. காது மெஷினுக்குப் போடுகிற பொத்தான் செல்லை என் கடையிலிருந்து நான் எடுத்து வருவேன். பின்கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு உருகித் தார் மாதிரி ஆகியிருக்கும். நீ அதைச் சுரண்டிவிட்டுக் கறுப்புப் பட்டு நூல் வைத்து அடைப்பாய்.

“பட்டு நூல் வச்சி வெளிச்சத்த அடைச்ச கேமரா உலகத்துலயே நம்ம ரெண்டு பேருகிட்டதான் இருக்குது மச்சான்” என்பாய். பீற்றிக்கொள்வதில் உனக்கு நிகர் கிடையாது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு எமன் உண்டு. பூசணம். லென்ஸுக்குள் வெள்ளை இழையாகப் படரும். கழற்றித் துடைக்கலாம். ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சை அது தின்ற இடம் தின்றதுதான். மூடின அலமாரிக்குள் ஒன்றுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் வரும். அதெல்லாம் பரவாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என் அலமாரியை வந்து பார்க்கட்டும்.

அதனால்தான் நீ இரண்டு சட்டம் போட்டாய். டார்ச் அடித்துப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் அலமாரிக்குள் விடக் கூடாது. கேமராவோடு வருகிற தோல் உறையை முதல் வேலையாகக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கழற்றின உறைகளைத் தூக்கி எறிய உனக்கு மனசு வராது. கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் போட்டு வைப்பாய்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆவணியில் நீ கட்டிலோடு ஆகிவிட்டாய். ஒரு நாள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாய். கூரம் கிராமத்தில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்து, நீ முந்திக்கொண்டு கை நீட்டினாயே, அந்தக் கேமராவை எடுத்து என் கையில் வைத்தாய். அதுவரை என்னை அதன் மேல் மூச்சுவிடக்கூட விட்டதில்லை நீ. தோல் உறையோடு இருந்தது. உறை பளபளவென்று இருந்தது. வசந்தா உன் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

“இனிமே இது உங்கிட்ட இருக்கட்டும் மச்சான். தனியா வைக்காத. உன்னுதுங்களோட சேத்து வையி” என்றாய்.

நான் டார்ச் அடிக்கவில்லை. சாகக் கிடக்கிறவன் கொடுத்ததை அவன் கண் முன்னாலேயே வெளிச்சம் போட்டுச் சோதிக்க நான் என்ன கஸ்டம்ஸ் ஆபீசரா? வீட்டுக்குப் போயும் அடிக்கவில்லை. உறையையும் கழற்றவில்லை. உன் கை பட்ட சூடு அதில் இருப்பது மாதிரி இருந்தது. நீ சொன்னபடியே அலமாரியின் நடுத் தட்டில், என்னுடையவற்றோடு சேர்த்து வைத்தேன்.

ஐப்பசியில் நீ போனாய். கொட்டுகிற மழையில்தான் தூக்கிப் போனோம். அதிலும் உனக்கு ஒரு சௌகரியம் பார், நனைந்தது நாங்கள்தான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரும். அலமாரி முன்னால் போய் நிற்பேன். எதிரில் நீ இல்லாமல் ஷட்டர் அடிக்கக் கை வராது. திரும்பி வந்துவிடுவேன். இப்படியே அந்த மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. போகிக்கு முன்னால் என் வீட்டுக்காரிதான் கத்தினாள்: “அந்த அலமாரிய தொறந்து தொலைங்க. ஈரத்துணி வாடை வருது.”

திறந்தேன். முதலில் உன்னுடையதைத்தான் எடுத்தேன். டார்ச் அடித்தேன். லென்ஸ் முழுக்க வெள்ளைவெளேரென்று படர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்ததை எடுத்தேன், அதிலும். கீழ்த் தட்டு, மேல் தட்டு, ஒன்று பாக்கியில்லை. வேலூரில் வாங்கினது, ஆற்காட்டில் வாங்கினது, நான் கடை வைத்த புதிதில் வாங்கின முதல் கேமரா, எல்லாம் போச்சு. தரையில் உட்கார்ந்து, பெரிய ஆள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன் சேகர்.

அழுது முடித்ததும் நீ சொன்னது ஞாபகம் வந்தது. தனியா வைக்காத. சேத்து வையி.

சட்டம் போட்டவன் ஏன் அப்படிச் சொன்னான்? எனக்கு நல்ல லென்ஸோடு ஒன்று கிடைத்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவன் நீ. நான் போகிறேன், இவன் மட்டும் சட்டமாக உட்கார்ந்து ஷட்டர் அடித்துக்கொண்டிருப்பானா என்று வயிறு எரிந்திருக்கிறது. நோய் பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, உறையைப் பளபளக்க வைத்து, கண்ணில் தண்ணீரோடு கொடுத்திருக்கிறாய். டார்ச் அடிக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். சாகிற நேரத்திலும் கணக்காக அடித்தாயடா! இதுதான் அன்றைக்கு என் முடிவு.

கடையில் மாட்டியிருந்த உன் போட்டோவைக் கழற்றி, உடைந்த ஃப்ரேம் போடுகிற டப்பாவுக்குள் போட்டேன். “செத்தவர உட்டுடுங்க. அவரு வந்து பதிலா சொல்லப் போறாரு?” என்றாள் என் வீட்டுக்காரி. அதுதானே எனக்குக் கோபம். உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

பிள்ளையார்பாளையம் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். வசந்தா போன் பண்ணினாள். “இன்னாண்ணா, அவரு போனதும் தங்கச்சியையும் மறந்துட்டியா?” என்றாள். கடையில் கூட்டம் என்று பொய் சொன்னேன். அவள் வீட்டில் உன் அலமாரி இருக்கிறது. அதில் உன் கேமராக்கள் நல்லபடியாக இருக்கும். அதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

உன் முதல் தெவசம் வந்தது. அதற்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நீ கொடுத்த கேமரா, அதே உறையில். இன்றைக்குச் சொல்கிறேன், தெரிந்துகொள். அதை உன் அலமாரியின் நடுத் தட்டில், உன்னுடையவற்றோடு சேர்த்து வைத்துவிட்டு வரத்தான் போனேன். ஒரு மழைக்காலம் போதும், உன்னுடையதும் என்னுடையது மாதிரி ஆகிவிடும். வழியெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் கல்யாணத்துக்கு வந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

உள்ளே போனால் படையல் போட்டிருந்தாள். உன் படம், மாலை, தலைவாழை இலை, வடை, பாயசம், உனக்குப் பிடித்த கருணைக்கிழங்கு வறுவல். இலையைச் சுற்றி உன் கேமராக்கள் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் தோல் உறைக்குள். ஒவ்வொரு உறையும் கல்யாண மாப்பிள்ளை ஷூ மாதிரி பளபளத்தது. வடை வாசனையையும் மீறித் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

“பாத்தியாண்ணா?” என்றாள் வசந்தா. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “பரண் மேல கோணில கெடந்துதுங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லாத்தையும் எறக்கி, தேங்கா எண்ணெ போட்டுத் தொடைச்சி, ஒவ்வொண்ணுத்துலயும் கேமராவ போட்டு அலமாரில வச்சி பூட்டிட்டேன். இன்னிக்குதான் வெளிய எடுத்தேன். ஒரு தூசி தும்பு படல பாரு.”

தோலில் எண்ணெய் போட்டு, மழைக்காலத்தில் பூட்டி வைப்பதைவிடப் பூசணத்துக்குப் பெரிய விருந்து கிடையாது.

அவள் என் பையை எட்டிப் பார்த்தாள். “அட, இதையும் எடுத்துக்கினு வந்தியா! இதுக்குதாண்ணா மொதல்ல போட்டேன். உங்கிட்ட குடுக்கணும்னு அவரு சொன்ன அன்னிக்கி. பரண்லேர்ந்து இதோட உறைய மட்டும் எறக்கிப் பாத்தா காஞ்சி வெடிச்சிக் கெடந்துது. குடுக்கறது குடுக்கறோம், நல்லா இருக்கட்டுமேன்னு நாலு கை எண்ணெ போட்டுத் தேச்சேன்.”

“சேகர் பாத்தானா?”

“கட்டில்ல படுத்துக்கினு பாத்துக்கினேதான் இருந்தாரு.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஒண்ணும் சொல்லலண்ணா. என்னைப் பாத்து சிரிச்சாரு.”

ஒரு கேமராவை எடுத்து உறையைக் கழற்றினேன். உள்பக்கம் பிசுபிசுத்தது. சட்டைப் பையில் இருந்த பேனா டார்ச்சை அடித்தேன். வெள்ளை. அடுத்ததிலும் வெள்ளை. அதற்குமேல் எடுக்கவில்லை. நான் பழிவாங்க வருவதற்கு முன்னால் உன் அலமாரியும் முடிந்துபோயிருந்தது.

“நல்லா இருக்குதாண்ணா? மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. குடுக்க மாட்டேன்னுட்டேன். நான் இருக்கிற வரைக்கும் இப்படியே வச்சிக்கினு இருப்பேன்.”

“பளிங்கு மாதிரி இருக்குதும்மா” என்றேன். அவளைப் பார்த்துச் சிரித்தேன். சிரிக்கும்போதுதான் நீ அன்றைக்கு ஏன் சிரித்தாய் என்பது எனக்குப் புரிந்தது.

புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எனக்குப் பதில் சொல். சேத்து வையி என்று சொல்ல உனக்கு மூச்சு இருந்தது. உறையைக் கழட்டிடு என்று சொல்ல மூச்சு இல்லையா? அவள் தலைமாட்டில் நின்றாள், மனசு நோகும், அதுதானே? மச்சானுக்குச் சட்டம் தெரியும், தெருமுனை திரும்பியதும் கழற்றி எறிந்துவிடுவான் என்று நினைத்தாயா? நான் எறியவில்லையேடா. அவள் தேய்த்தாள், நீ சிரித்தாய், நான் உன் சூடு போய்விடும் என்று உறையோடு வைத்தேன். பிரியம் காட்டுகிறோம் பேர்வழி என்று மூன்று பேரும் சேர்ந்து இரண்டு அலமாரியைக் கொன்றோம். பெண்டாட்டி முகம் வாடக் கூடாது என்று அத்தனை கேமராவையும் பலி கொடுத்த மகராசன் நீ.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்குப் போகிறேன். வசந்தா அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போவாள். நான் ஷட்டர் அடிக்க வேண்டும், அடுப்படியில் அவள் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். பாதிக் கேமராவில் ஷட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அமுக்கினாலும் அடிக்கிறதில்லை. நல்லதாக இருக்கிற ஒன்றையே திரும்பத் திரும்ப அடிக்கிறேன். “எல்லாம் வேல செய்யிதாண்ணா?” என்று உள்ளேயிருந்து கேட்பாள். எல்லாம் வேலை செய்கிறது என்பேன்.

அவளுக்குத் தெரியாமல் உறைகளை மாற்றவும் முடியாது. அந்த வாசனைதான் அவளுக்கு இப்போது நீ. மாதாமாதம் புது எண்ணெய் போடுகிறாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

பெயரையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவள் வசந்தா இல்லை, நீ சேகர் இல்லை. அதையும் மீறி எவனாவது கண்டுபிடித்து அவளிடம் இதைப் படித்துக் காட்டினால், அவன் கண்ணில் பூசணம் பிடிக்கட்டும்.

உன் போட்டோவைத் திரும்ப மாட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி நேற்றுக்கூடக் கேட்டாள்: “அவரு வேணும்னு செய்யலன்னு தெரிஞ்சிப்போச்சில்ல? இன்னும் ஏன் அந்தப் படத்தப் பாத்துத் திட்டிக்கினு இருக்கீங்க?”

யாரையாவது திட்டியாக வேண்டுமே சேகர். அவளைத் திட்ட முடியாது. என்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கடை திறக்க முடியாது. உனக்கென்ன, வலிக்கவா போகிறது? அதனால் இந்த வாக்கை மட்டும் உனக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் இந்தப் பழி உன் தலையில்தான் இருக்கும். ஒரு நாளும் இறக்கி அவள் தலையில் வைக்க மாட்டேன். அன்றைக்குச் சிரித்தாயே, அதே மாதிரி சிரித்துக்கொண்டு சுமந்து தொலை.

உன் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன்,
உன் மச்சான்.