கீழ்புத்துப்பட்டு வேகத்தடை

மார்ச் 2, ஞாயிறு

ஒருவழியாக வண்டி வாங்கிவிட்டோம். பழைய வண்டிதான், ஏழு பேர் உட்காரலாம். அரவிந்தனுக்குக் கறுப்பு வேண்டுமாம். மரக்காணத்தில், உப்பளத்துக்கு எதிரே குடியிருந்துகொண்டு கறுப்பு! தினமும் வெள்ளை பூத்து நிற்கும். வெள்ளையே வாங்கச் சொல்லிவிட்டேன். அவர் மல்லாந்து படுத்து அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய அம்மாவால் ஏறி உட்கார முடியுமா என்று நான் பார்த்தேன். வாரம் இரண்டு முறை புதுச்சேரிக்கு டயாலிசிசுக்குப் பஸ்ஸில் போய் வந்தே அத்தை பாதியாகிவிட்டார். படி கொஞ்சம் உயரம். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 4, செவ்வாய்

அரவிந்தனுக்கு உப்பு லோடு இருந்ததால் அத்தையை டயாலிசிசுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கீழ்புத்துப்பட்டில் ஐயனார் கோயில் வளைவுக்கு எதிரே ஒரு வேகத்தடை. அதில் ஏறும்போது வண்டித் திரையில் ‘அறிவழகன் போன் கனெக்டட்’ என்று வந்தது. ஏதோ ஒரு பாட்டு நடுவிலிருந்து பாட ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது.

“நல்லாதானே இருந்துச்சு, ஏம்மா நிறுத்துன?” என்றார் அத்தை.

நான் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் அறிவழகன் என்று யாருமில்லை.

மார்ச் 7, வெள்ளி

அதே இடம். அதே பெயர். போகும்போதும் திரும்பும்போதும். பாட்டு போன தடவை விட்ட இடத்திலிருந்து.

மார்ச் 9, ஞாயிறு

சிரித்துக்கொண்டேதான் அரவிந்தனிடம் சொன்னேன். பேய் புளூடூத்திலா வரும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“முன்ன வண்டி வச்சிருந்தவன் பேரு அதான். செத்துட்டான். காய்ச்சல்னு வித்தவரு சொன்னாரு.”

“வாங்குறப்பவே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வேணாம்னுடுவ.”

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்! சாயங்காலம் வண்டி முன்னால் எலுமிச்சம்பழம், மிளகாய் கட்டினார். உப்பு அரிக்காமல் இருக்க அடியெல்லாம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். நாங்கள் குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர்.

மார்ச் 14, வெள்ளி

பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பாட்டு வாயில் வருகிறது. அடுத்த வரி எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தெரியும். பயமாக இருக்கிறது. இந்த வண்டி வேண்டாம் என்றால் அத்தையை எதில் கூட்டிப்போவது?

மார்ச் 18, செவ்வாய்

இன்று நிறுத்திவிட்டேன். எத்தனை நாள் பயந்து சாவது? வேகத்தடை தாண்டி ஓரம் கட்டினேன். பாட்டு நிற்கவில்லை, பாடிக்கொண்டே இருந்தது. வேகத்தடையை ஒட்டி ஒரு பூக்கடை. அங்கிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். கையில் ஒரு போன், கண்ணாடியில் கீறல்.

“இது எம்புள்ள வண்டிம்மா,” என்றார்.

பெயர் வசந்தா. மகன் அறிவழகன் இறந்து ஆறு மாதம். வண்டியைப் பார்க்கப் பார்க்க அவன் அப்பாவுக்குத் தாங்கவில்லையாம், விற்றுவிட்டார். போனை மட்டும் இவர் கொடுக்கவில்லை.

“ஒரு நாளும் அணைய வுட்டதில்லம்மா. அணைஞ்சா பூட்டிக்கும், தொறக்கவே வராதுன்னாங்க. வெயில்ல கண்ணு சரியா தெரியல, எல்லாம் வெள்ள வண்டியாதான் போவுது. வண்டி கிட்ட வந்தா தானா போன்ல பாட்டுப் படம் வரும், அவன் வண்டி போவுதுன்னு தெரிஞ்சுப்பேன்.”

ஒரு முழம் மல்லிகை கொடுத்தார், காசு வாங்கவில்லை. அத்தை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அரவிந்தனிடம் சொல்லவில்லை. செத்தவன் வீட்டில் பூ வாங்கி வைத்துக்கொண்டாயா என்று குதிப்பார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இப்போதெல்லாம் வேகத்தடையில் நிதானமாகத்தான் ஏறுகிறேன். வசந்தாம்மா கை தூக்குகிறார், நானும். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

வண்டி சர்வீசுக்குப் போய் வந்தது. அடியில் துரு பிடிக்காமல் கறுப்பாகப் பூசியிருக்கிறார்கள். அரவிந்தன் முகமெல்லாம் சிரிப்பு.

“அந்தப் பேரையும் அழிக்கச் சொல்லிட்டேன் சத்யா. இனிமே நீ பயப்பட வேணாம்.”

எனக்காகத்தான் செய்திருக்கிறார். நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் — ஏன் சொல்லவில்லை? எல்லாவற்றையும் இன்று சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

வண்டியில் சத்தமே இல்லை. நிறுத்தி இறங்கி, திரும்ப இணைத்துவிடலாம் என்று வசந்தாம்மாவிடம் போனை வாங்கினேன். கோடு போட்டுத் திறக்கச் சொல்லிக் கேட்டது.

“எனக்குத் தெரியாதும்மா. அவன் போடுவான், நான் பாத்ததே இல்ல.”

இரண்டு முறை ஏதோ போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. வசந்தாம்மா போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“பரவால்லம்மா. நீ கெளம்பு, அவங்களுக்கு நேரமாவுதுல்ல.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். புதுச்சேரி வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வசந்தாம்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரிலேயே போனோம். நிமிரவில்லை.

மே 2, வெள்ளி

அரவிந்தன் லீவு போட்டுவிட்டு அவரே ஓட்டினார். நான் வரச் சொல்லவில்லை. வேகத்தடையில் வண்டியை நிறுத்தவே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் கத்தினான். இவர் காதில் வாங்காமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார், நீளமாக.

வசந்தாம்மா சட்டென்று மடியில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு தலை தூக்கி வண்டியைப் பார்த்தார். கை உயர்ந்தது.

அத்தை ஐயனாருக்கு அடித்ததாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 

திரும்பும்போது நான் ஓட்டினேன். வேகத்தடையில் நானும் அடித்தேன்.