கவர்னரைக் கப்பல் ஏற்றிய கதை

அன்புள்ள சேகர்,

எப்படி இருக்கிறாய் என்றுதான் எழுத வருகிறது. பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

இங்கே சைட்டுகளில் வேலை ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. முவைலா கேம்பிலிருந்து ஜெபல் அலிக்கு வேலைக்குப் போகும் நம் கம்பெனி பஸ்ஸில் பாதி சீட் காலி. யாரும் பேசுவதில்லை. நீ இருந்தவரை அந்தத் தூரம் தெரிந்ததே இல்லை. சரித்திரம் படித்துவிட்டு குடோனில் பெட்டி அடுக்கிய புதுச்சேரிக்காரன் நீ. உங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சு கவர்னரின் கதையைத் தினமும் கொஞ்சம் சொல்வாய். வியாபாரம் பார்க்கக் கப்பலேறி வந்தவன் கவர்னராகி, சென்னையைப் பிடித்து, நவாபுகளை ஏற்றி இறக்கிய கதை. அறந்தாங்கி முருகேசன் அண்ணன் தூங்காமல் கேட்பார்.

கவர்னரைத் திருப்பியனுப்ப பிரான்சிலிருந்து ஆள் வந்து இறங்கியதோடு நிறுத்திவிட்டாய். "அப்புறம்?" என்று அண்ணன் கேட்டார். "அப்புறம் சொல்றேண்ணே" என்றாய். அந்த வாரம்தான் உன் விசாவை கேன்சல் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் மட்டும் சொன்னாய். டிக்கெட் வருவதற்குள் குடோன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். உன் உடலோடு ஊருக்கு வர எனக்கு லீவு தரவில்லை.

போன வாரம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தக் கவர்னரு என்னப்பா ஆனான்? ஒரே ரூம்தானே, ஒங்கிட்ட சொல்லியிருப்பான்ல?"

அடுத்து யாரை அனுப்புவார்களோ என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். குடும்பத்தோடு கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். பாரிசில் நியாயம் கேட்டு வருஷக்கணக்கில் அலைந்தான். யாரும் காது கொடுக்கவில்லை. நொடித்துப்போய்ச் செத்தான்.

அண்ணன் கொதித்துவிட்டார். "அவ்வளவு பண்ணிக் குடுத்தவன கலாஸ், முடிஞ்சு போச்சுன்னு அனுப்பிட்டாய்ங்களா?"

பின் சீட்டிலிருந்து விழுப்புரம் ஏழுமலை சொன்னான்: "கவர்னருக்கு என்னாண்ணே, பேராச்சும் நின்னுச்சு. அவனுக்காவ துப்பாக்கி தூக்கிச் செத்தாம் பாரு நம்மாளு, அவன் வூட்டுக்கு யாரு போயி சொன்னாங்க?"

உன் மனைவிக்கு ஆபீசிலிருந்து ஃபோனில் சொன்னதோடு சரி, சேகர். அவள் என்ன கேட்டிருப்பாள்? யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

அன்றே லீவு கேட்டு மேனேஜரிடம் போனேன். "இப்போ போனா திரும்பி வர வேலை இருக்காது" என்றார். "பரவாயில்ல சார்" என்றேன். எனக்கும் அலுத்துவிட்டது.

ஊரில் இறங்கியதும் என் வீட்டுக்குக்கூடப் போகமாட்டேன். நேராக உன் வீடுதான். ஆம்புலன்சில் உன் கை கடைசிவரை என் கைக்குள் இருந்ததென்று அவளிடம் நேரில் சொல்வேன்.

உன்னோடு பிறக்காத அண்ணன்,
மணி